வலி விருந்து

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் சொல்லத் தொடங்குவது. அணைத்தபோது கை சுடவே இல்லை. ஏன் சுடவில்லை, அந்தச் சூடு யாருக்குப் போனது என்பதெல்லாம் போகப்போக உங்களுக்கே விளங்கிவிடும்.

பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருந்த நாடிமுத்துவுக்கு முதுகில் ஒரு கட்டி. முதலில் கோலிக்குண்டு அளவு இருந்தது. அப்புறம் எலுமிச்சை ஆனது. அது சாத்துக்குடியை நோக்கிப் புறப்பட்டபோதுதான் மனுஷன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அதுவும் தானாகக் கிளம்பவில்லை. சட்டைக்கு அளவெடுத்த தையல்காரர், "முதுகுப் பக்கமும் ஒரு பாக்கெட் வச்சுரவாண்ணே?" என்று கேட்டுவிட்டார்.

டாக்டர் ஹாஜிரா கட்டியை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"வெறும் கொழுப்புக் கட்டிதாண்ணே. காலையில வந்தா எடுத்துவிட்டுருவேன். மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரலாம்."

"செலவு எவ்வளவும்மா ஆகும்?"

"நானும் அதைத்தான் கேக்க வந்தேன். எத்தனை பேரைக் கூட்டிட்டு வருவீங்க?"

நாடிமுத்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் கட்டியைச் சாத்துக்குடி வரைக்கும் வளர்த்தார்.

மரத்துப்போகிற ஊசி, மயக்க மருந்து எதுவும் வேலை செய்யாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. தலைவலிக்கு ஒன்று, கால்வலிக்கு ஒன்று, மாமியார் வரப்போகிறார் என்றால் முந்தின நாளே ஒன்று என்று ஜனங்கள் மாத்திரையைப் பொரிகடலை மாதிரித் தின்று தீர்த்ததில், மனித உடம்பு மருந்துக்கே மரத்துப்போய்விட்டது. ஊசி குத்தினால் குத்தின இடம் வலித்ததுதான் மிச்சம். அதற்குப் பதிலாக வந்தது பங்கு எந்திரம்.

"அந்த எந்திரத்தை நான் கிட்ட இருந்து பார்த்ததே இல்லம்மா. கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க" என்றார் நாடிமுத்து. நேரம் கடத்துகிறவர் குரல் அது.

டாக்டர் ஒரு வெள்ளைக் காப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் கடுகளவு ஒரு விளக்கு இருந்தது.

"வலியை அழிக்க முடியாதுண்ணே. நகத்தத்தான் முடியும். நான் உங்க முதுகுல கத்தி வைப்பேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தக் காப்பைப் போட்டிருக்கிறவங்களுக்குத் தெரியும். ஒருத்தர் போட்டா முழுசும் அவருக்கு. ரெண்டு பேர் போட்டா ஆளுக்குப் பாதி. அவங்க பக்கத்துல இருக்கணும்னுகூட இல்ல, எந்த ஊர்ல வேணா இருக்கலாம்."

"அப்ப நம்ம மண்டியில மட்டை உரிக்கிற பயலுக ரெண்டு பேருக்குக் காசைக் கொடுத்து..."

"அதுதான் நடக்காது. வாங்கிக்கிறவங்க மனசார வாங்கிக்கணும். சம்மதம்னா விளக்கு பச்சையா எரியும். சிவப்பா எரிஞ்சா வலி போன வேகத்துல திரும்பி உங்ககிட்டயே வந்துரும். காசுக்கு வந்தவங்க கையில இதுவரைக்கும் பச்சை எரிஞ்சு நான் பார்க்கல. வாய் எதை வேணாலும் சொல்லும், எந்திரம் வாயைப் பார்க்கிறதில்ல. உங்களுக்கு என்ன கவலை? அக்கா ஒருத்தர் போதுமே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மலர்க்கொடி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினாள்.

"இதுல என்ன இருக்கு டாக்டரம்மா? நான் வாங்கிக்கிறேன். ரொம்ப சந்தோஷமா வாங்கிக்கிறேன்."

காப்பு கையில் ஏறியது. விளக்கு சிவந்தது. கடுகளவு விளக்குதான், ஆனாலும் ரயில்வே கேட்டில் எரிகிற சிவப்பு. டாக்டரின் வெள்ளைக் கோட்டே ரோஸ் நிறமாகிவிட்டது.

"சில நேரம் கையில ஈரம் இருந்தா இப்படி..." என்று டாக்டர் அவசரமாகக் காப்பைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். முன்னைவிடச் சிவப்பாக எரிந்தது.

மலர்க்கொடி தானே காப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "எந்திரம் நல்லாத்தான் வேலை செய்யுது டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

வண்டி வீட்டை நோக்கிக் கிளம்பியது. கடைத்தெரு தாண்டினதும் நாடிமுத்துவால் தாங்க முடியவில்லை.

"முப்பது வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன் மலரு."

"எனக்குக் கடவாய்ப் பல்லு பிடுங்கினப்ப எங்க போனீங்க?"

"வண்டியை நிறுத்தப் போனேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஆஸ்பத்திரி பேராவூரணியில இருக்கு. வண்டியை அறந்தாங்கியிலயா கொண்டுபோய் நிறுத்துவாங்க?"

அன்றைக்கு அவள் பல்வலியை வாங்கிக்கொண்டது, மகனைக் கூட்டிவந்து வெளியே காத்திருந்த யாரோ ஒரு மீன்காரம்மா. பேர்கூடத் தெரியாது. அவர் கையில் பச்சை எரிந்தது. மலர்க்கொடிக்கு மட்டும் என்றில்லை, நாடிமுத்து யாருக்குமே காப்புப் போட்டதில்லை. அக்கா மகனுக்குக் கை முறிந்தபோது லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. பங்காளி வீட்டில் சிலந்திக் கட்டி கீறியபோது பழனிக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டது அன்று காலையில்தான்.

கத்தியைவிட இப்போது அந்தச் சிவப்புதான் அவரை உறுத்தியது. என்றாலும் கட்டியை அப்படியே விட முடியாது. மைக்செட் வைத்திருக்கும் வைரக்கண்ணுவிடம் போனார். வைரக்கண்ணு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர். மைக் இல்லாமலும் அதே சத்தத்தில்தான் பேசுவார்.

"மாப்ளே, விருந்து வையி!"

"யாருக்கு?"

"ஊருக்குடா! ஆவணி பொறந்தாச்சு. ஆளாளுக்கு மொய் விருந்து வைக்கிறான். கறிச்சோறு போடுறான், சாப்பிட்டவன் மொய் செய்யறான், நாளைக்கு அவன் விருந்து வைக்கும்போது இவன் மேல கொஞ்சம் போட்டுத் திருப்பிச் செய்யறான். பணத்துக்கு நடக்குறது வலிக்கு நடக்காதா? கறியைத் தின்னுட்டு ஆளுக்கு ஒரு பங்கு வலியை வாங்கிட்டுப் போகட்டும்!"

"எவன் வருவான்? எவன் வலிக்கும் நான் போனதில்லையே."

"அதனாலதாண்டா வருவான்" என்றார் வைரக்கண்ணு. அவர் கண் மின்னியதன் காரணம் நாடிமுத்துவுக்கு அப்போது புரியவில்லை.

கடைத்தெரு முழுக்கப் பிளெக்ஸ் கட்டினார்கள். 'நாடிமுத்து இல்ல வலி விருந்து. அனைவரும் வருக. பணமாகச் செய்ய வேண்டாம்.' கிடாய்கள் வந்து இறங்கின. பந்தல் போதாமல் மண்டிக்குள்ளேயே இலை போட்டார்கள். கட்டுமாவடியிலிருந்தும் திருச்சிற்றம்பலத்திலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கியதைப் பார்த்து நாடிமுத்துவுக்கு மூச்சே நின்றுவிட்டது. மொய் எழுதுகிறவர் உட்கார வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரி நர்சு ஒரு பெட்டி நிறையக் காப்புகளோடு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுக் கைகழுவினவர்கள் வரிசையாக வந்து கையை நீட்டினார்கள்.

பச்சை. அடுத்தவர் பச்சை. அதற்கடுத்தவரும் பச்சை. வைரக்கண்ணு மைக்கில் முழங்கினார்: "ஒட்டங்காடு கோவிந்தராசு, பச்சை! அவர் சம்சாரம், பச்சை! பைங்கால் மச்சான் வகையறா, அத்தனையும் பச்சையோ பச்சை!" மண்டி முழுக்கக் கைகளில் பச்சை மின்னியது. திருவிழாவுக்குச் சீரியல் லைட் போட்ட மாதிரி இருந்தது.

எட்டிப் பார்க்க வந்த டாக்டர் ஹாஜிரா அசந்துபோனார். "என் அனுபவத்துல இப்படிப் பார்த்ததே இல்லண்ணே. ஊரே உங்க மேல உயிரை வச்சிருக்கு!"

நாடிமுத்துவின் கண் கலங்கியது. அது கலங்கி முடிவதற்குள் தென்னைமரம் ஏறுகிற அடைக்கலம், எலும்பை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நாடிமுத்தண்ணன் நமக்கு வலிக் கடன் பட்டிருக்காருன்னு நினைக்கிறப்பவே உடம்பெல்லாம் குளுகுளுன்னு இருக்குய்யா. இந்தச் சந்தோஷத்துக்கு எத்தனை கத்தி வேணாலும் வாங்கலாம்!"

எந்திரம் சம்மதமா என்றுதான் பார்க்கும். ஏன் சம்மதம் என்று அது கேட்பதில்லை.

மலர்க்கொடி எல்லாருக்கும் ஓடியோடிப் பரிமாறினாள். காப்புப் பெட்டி இருந்த மேசைப் பக்கம் மட்டும் அவள் போகவில்லை.

அறுவைசிகிச்சை அன்று நாடிமுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். கடைத்தெருவில் வைரக்கண்ணு மைக்கோடு தயாராக நின்றார். டாக்டர் கத்தியை வைத்தார்.

அதே நொடியில் பேராவூரணிக் கடைத்தெருவே முதுகில் கை வைத்தது. டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி வழியில் திசை மாறியது. பட்டுக்கோட்டை பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், இரண்டு வரிசைப் பயணிகள் எல்லாரும் ஒன்றுபோல் நெளிந்தார்கள். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரருக்கு, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு பிருகா தானாக வந்து விழுந்தது. பெரிய பாராட்டு.

அவ்வளவுதான். ஆளுக்கு ஓர் எறும்புக் கடி.

"இதுக்கா கிடாய் வெட்டினான்?" என்று ஊர் கொதித்தது. சாப்பிட்ட சோற்றுக்கு வாங்கிய வலி போதவில்லை. மானப் பிரச்சினை. ஆஸ்பத்திரிக்குப் போன் மேல் போன். "டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க. நாங்க இருக்கோம்!"

நாடிமுத்துவுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. கட்டியைத் தட்டில் வைத்துக் காட்டியபோது, "இவ்வளவுதானா!" என்று சிரித்தார். டாக்டர் தையல் போட்டுக்கொண்டே சொன்னார்:

"தையல் பிரிக்கிற வரைக்கும் தண்ணி படக்கூடாது. குப்புறத்தான் படுக்கணும். மூட்டையைத் தொடாதீங்க. தினமும் யாராவது கட்டு மாத்திவிடணும்."

"செலவு இத்தோட முடிஞ்சுதாம்மா?"

"இனிமேதாண்ணே ஆரம்பம்" என்று டாக்டர் அவர் கையில் ஒரு காப்பை மாட்டிவிட்டார்.

கட்டு மாற்றியது மலர்க்கொடிதான். பஞ்சை வெந்நீரில் நனைத்து, ஒட்டியிருந்த துணியை நூல் நூலாகப் பிரித்தெடுப்பாள். கை அவ்வளவு இதமாக இருந்தது. இந்தக் கையிலா அந்தச் சிவப்பு எரிந்தது என்று நாடிமுத்து குப்புறப் படுத்தபடி தலையணையிடம் கேட்டுக்கொள்வார். அவளிடம் கேட்கத் தைரியமில்லை.

பிறகு வந்தது பாருங்கள் அழைப்பு. பல வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பல்லைப் பிடுங்கக் கிளம்பினார்கள். காலாணி எடுக்க, மரு கிள்ள, முள் எடுக்க, பிள்ளைக்குக் காது குத்த, எல்லாவற்றுக்கும் போன் வரும்: "நாடிமுத்தண்ணே, நம்ம விருந்துக்கு வந்துருங்க." மொய் என்றால் வாங்கியதைவிட மேலே போட்டுச் செய்வதுதான் மரியாதை. எறும்புக் கடி வாங்கியிருந்தால் தேள் கடியாகத் திருப்பியாக வேண்டும்.

மண்டியில் வியாபாரம் மட்டும் விசித்திரமாகச் சூடுபிடித்தது. காங்கேயத்து வியாபாரி ஒருவர் விலையைச் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒட்டங்காட்டில் யாருக்கோ பல் அசையும். "ஐயோ! அம்மா! கொல்றாங்களே!" என்று நாடிமுத்து துள்ளுவார். மிரண்டுபோன வியாபாரி விலையை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஆனால் மனசார வாங்க வேண்டுமே. அடைக்கலம் மரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கிப்போன அன்று, "போட்டுக்கிட்டேன்ப்பா" என்று மண்டியிலிருந்தே சொல்லிவிட்டு நாடிமுத்து காய் எண்ணிக்கொண்டிருந்தார். கையில் பார்த்தால் சிவப்பு. தோளைப் பொருத்திய வலி முழுசும் அடைக்கலத்திடமே திரும்பிவிட்டது. அவன் அலறியது தெரு முனை வரைக்கும் கேட்டதாம்.

கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு மறுநாள் அடைக்கலம் வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்த நாடிமுத்து எழுந்து நின்றார்.

"பரவாயில்லண்ணே" என்றான் அவன். "அன்னிக்கு நான் வாங்கின பங்கும் நக்கலுக்கு வாங்கினதுதானே. அடுத்த தடவை முடிஞ்சா நேர்ல வாங்க. யாராவது கூட இருந்தாலே பாதி போயிருது."

நாடிமுத்து அன்றிலிருந்து நேரில் போனார். காப்பை மாட்டிக்கொண்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வலிக்கப்போகிறவர் முகத்தைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் விளக்குத் தானாகப் பச்சையாகிவிடும். ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே சிவப்பு எரியவைக்க மனுஷனால் முடியாது என்பது அவர் கண்டுபிடித்தது. வலியில் தேர்ந்த ஆளாகிவிட்டார். வெற்றிலை மாதிரி ருசி பிரித்துச் சொல்வார். "கோவிந்தராசு வலி கரகரன்னு இருக்கும்ப்பா. அவன் சம்சாரம் வலி நிதானமா வந்து ரொம்ப நேரம் உக்காந்திருக்கும்." குழந்தைகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமனுக்கு முன்னால் இவர் காப்போடு போய் நின்று சண்டையே வந்திருக்கிறது.

எல்லாம் சரி. வீட்டுக்குள் மட்டும் அந்தச் சிவப்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் கொடுத்தாயிற்று, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்க வாய்க்கவில்லை.

வாய்த்தது. ஒருநாள் காலை மலர்க்கொடி இடது கையால் தேங்காய் துருவுவதைப் பார்த்தார். வலது கையை மடிக்குள் வைத்திருந்தாள். பிடித்து இழுத்துப் பார்த்தால் நகச்சுத்து. கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"கிளம்பு ஆஸ்பத்திரிக்கு!"

"எனக்கு யாரும் வேண்டாம். பல்லுக்கே ஆளில்லாதவளுக்கு நகத்துக்கு என்ன வந்துச்சு?"

"மலரு, இந்த ஒரு தடவை!" நாடிமுத்து அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. காவலாளி கையில் சாவியைத் திணித்துவிட்டு அவளோடு உள்ளே ஓடினார்.

காப்பை மாட்டியதுதான் தாமதம், பச்சை பளீரென்று எரிந்தது. நர்சு கண்ணுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டார். நாடிமுத்து துண்டைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்து, கண்ணை இறுக மூடி, முனக ஆரம்பித்தார்.

"அண்ணே, நான் இன்னும் கத்தியையே எடுக்கல" என்றார் டாக்டர்.

எடுத்தார். கீறினார். நாடிமுத்து காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். எதிரே மலர்க்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எந்திரம் ரிப்பேர்! டாக்டரம்மா, நிறுத்துங்க, எந்திரம் ரிப்பேர்!"

டாக்டர் எந்திரத்தைப் பார்த்தார். பிறகு மலர்க்கொடியைப் பார்த்தார். "ரிப்பேர் எல்லாம் இல்லண்ணே. நீங்க வாங்கத் தயாரா இருக்கீங்க. அக்காதான் கொடுக்கமாட்டேங்கறாங்க."

"கொடுக்கவும் மனசு வேணும்னு நீங்க சொல்லவே இல்லையே!"

"கொடுக்கமாட்டேன்னு சொல்ற ஆள் இதுவரைக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லண்ணே. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

வெளியே சீட்டு வாங்கிக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் கதவில் வந்து மொய்த்துவிட்டது. நாடிமுத்து ஸ்டூலை இழுத்து அவள் அருகே போட்டார்.

"இன்னும் கோவமா மலரு?"

"கோவமெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஊரு வலியை எல்லாம் வாங்கி வாங்கி ஆளு பாதியாயிட்டீங்க. காலையில வச்ச இட்டிலியில ஒண்ணுகூட முழுசா இறங்கல. இதையும் எப்படி உங்க தலையில தூக்கி வைக்கிறது?"

நாடிமுத்து அவள் கண்ணீரைத் துண்டால் துடைத்துவிட்டார். மறுகணம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊரான் பல்வலி, காலாணி, மருவு எல்லாத்தையும் வாங்கிட்டேன். என் பொண்டாட்டி வலி, அது எனக்குக் கிடையாதா? கொடுடி!"

"மாட்டேன்."

"கொடுத்துருங்கக்கா, பாவம்!" என்றது கதவருகே ஒரு குரல்.

"உள்ள சீழ் இருக்கு. அதை அழுத்தி எடுக்கும்போதுதான் பெரிய வலி" என்றார் டாக்டர். "சீக்கிரம் பேசி முடிங்க."

"முழுசும் கொடு" என்றார் நாடிமுத்து.

"கால் பங்கு."

"முக்கால்!"

"கால் பங்குதான். இஷ்டமிருந்தா வாங்குங்க."

வாழ்நாள் முழுக்க மண்டியில் பேரம் பேசின மனுஷன், இப்படி ஒரு பேரத்தைக் கண்டதில்லை. நெற்றியில் வியர்த்தது. "மலரு, உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன். பாதி. பாதிக்குக் கீழ என்னால இறங்க முடியாது. கட்டுப்படியாகாது."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி, பாதி. அதுக்கு மேல ஒரு துளி கிடையாது" என்றாள்.

டாக்டர் அழுத்தினார்.

நாடிமுத்துவின் கட்டைவிரலில் இடி இறங்கியது. நகத்தில் நுழைந்து, மணிக்கட்டைத் தாண்டி, தோள் வரைக்கும் ஒரே ஓட்டம். ஸ்டூல் ஒரு பக்கம் பறந்தது, துண்டு ஒரு பக்கம் பறந்தது. கட்டைவிரலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மனுஷன் எகிறிக் குதித்தார்.

"வந்துருச்சு! மலரு, வந்துருச்சு! எப்பா! என்னமா வலிக்குது! எல்லாரும் பாருங்க, வந்துருச்சு!"

கதவில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். நர்சு கைதட்டினார். காவலாளி கையில் சாவியோடு ஓடிவந்து, விஷயம் தெரியாமலே அவரும் கைதட்டினார். மலர்க்கொடி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே திட்டினாள்: "மெதுவாக் கத்துங்களேன், மானம் போவுது!" அவர் கேட்பதாக இல்லை. விரலைத் தூக்கிப் பிடித்தபடி, ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டுத்தான் நின்றார்.

இத்தனையும் இனிமேல்தான் நடக்கப்போகிறது. கற்பூரச் சூட்டை வாங்கிக்கொண்ட நாடிமுத்து பிறக்கவே இன்னும் பதினான்கு வருஷம் இருக்கிறது.